ரத்தம் வராத ஈறு நல்ல ஈறா? வேப்பிங், பல், வாய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் 2019 முதல் வேப் என்கிற இ-சிகரெட் விற்பனைக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் கல்லூரி விடுதிகளிலும் ஆபீஸ் மொட்டை மாடிகளிலும் வேப் கையில் இருக்கத்தான் செய்கிறது. லண்டன், டொராண்டோ, கோலாலம்பூர் என்று வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது இன்னும் சுலபமாகக் கிடைக்கிறது. நுரையீரலைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் புகை முதலில் படும் இடமான வாயைப் பற்றிப் பேச்சே இல்லை. பல் மருத்துவரிடம் இதைப் பற்றி என்னென்ன கேட்பார்களோ, அவற்றுக்கான பதில்கள் கீழே.

வேப்பில் புகையிலையும் இல்லை, தாரும் இல்லை. அப்புறம் ஈறுக்கு என்ன கேடு?

எரிவது எதுவும் இல்லை என்பது சரிதான். ஆனால் உள்ளே போவது வெறும் நீராவியும் இல்லை. வேப் லிக்விடில் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும். அதோடு நிகோடின், மாம்பழம், புதினா என்று ஏதாவது ஃப்ளேவர், பெரும்பாலும் கொஞ்சம் செயற்கை இனிப்பும் சேர்கின்றன. பேட்டரி ஒரு சின்னக் கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது, லிக்விட் நுண்துளிகளாகப் பறக்கிறது. அந்தச் சூட்டில் கிளைகாலும் கிளிசரினும் ஓரளவு சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை உண்டாகின்றன. கம்பிச்சுருளில் இருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் மிகச் சிறிய அளவில் கலக்கின்றன. இழுக்கும்போது ஒரு முறை, ஊதும்போது ஒரு முறை என்று இவ்வளவும் ஈறிலும் நாக்கிலும் படுகின்றன.

ஆனால் ஈறைப் பொறுத்தவரை முக்கியப் புள்ளி நிகோடின்தான். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும். சிகரெட்டில் இருந்து வந்தாலும் வேப்பில் இருந்து வந்தாலும் அதன் வேலை ஒன்றே. 2015-இல் ஜூல் என்ற அமெரிக்க வேப் பிராண்ட் வந்த பிறகு ‘நிகோடின் சால்ட்’ என்ற வடிவம் பரவியது. தொண்டை எரியாமல் நிறைய நிகோடினை இழுக்க முடிவது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. ‘5%’ என்று அச்சடித்து வரும் பாட்களில் (வேப்பில் செருகும், லிக்விட் நிரப்பிய சின்னக் குப்பிகளில்) கிட்டத்தட்ட 50 மில்லிகிராம் இருக்கும்.

எனக்கு ஈறில் ரத்தமே வருவதில்லை. அப்படியென்றால் ஈறு நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வேப் பிடிக்காதவர் கேட்டால் ‘பெரும்பாலும் ஆமாம்’ என்று சொல்லிவிடலாம். வேப் பிடிப்பவரிடம் அப்படிச் சொல்ல முடியாது.

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் அழுக்குப் படலம் தங்கினால் கிருமிகள் பெருகும். உடம்பு அங்கே கூடுதலாக ரத்தத்தை அனுப்பும். ஈறு சிவந்து, உப்பி, பிரஷ் பட்டாலே கசியும். அந்தக் கசிவைப் பார்த்துத்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் பல் டாக்டரிடமே போகிறோம். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிட்டால் சிவப்பு இல்லை, வீக்கம் குறைவு, கசிவும் இல்லை. கீழே நடக்க வேண்டியது நடந்துகொண்டே இருக்கும். நாய் குரைக்கவில்லை என்பதற்காகத் திருடன் வரவில்லை என்று சொல்ல முடியாதே!

இதைக் கண்டுபிடிக்கும் கருவி மிக எளிமையானது. மில்லிமீட்டர் கோடு போட்ட, முனை மழுங்கிய மெல்லிய கம்பி. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்குவார்கள், ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில். டாக்டர் ‘மூணு, ரெண்டு, மூணு’ என்று சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொள்வார். 1 முதல் 3 மி.மீ. வரை கவலை இல்லை. 4, 5, 6 என்று ஏறினால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை போல ஆகிவிட்டது என்று பொருள். அதைத்தான் ‘பாக்கெட்’ என்கிறோம். கம்பி 6 மி.மீ. இறங்குகிறது, வெளியே எடுத்தால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை, ஈறு வெளிறி இறுக்கமாக இருக்கிறது என்றால், டாக்டர் அடுத்துக் கேட்கும் கேள்வி நிகோடினைப் பற்றியதாகத்தான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

அதனால் வேப் பிடிப்பவர் கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளக் கூடாது. பாக்கெட் அளந்து பார்க்காமல் ‘ஈறு நன்றாக இருக்கிறது’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு மாறினேன். இப்போதுதான் ரத்தம் வருகிறது. வேப்தான் காரணமா?

பயந்து மறுபடி சிகரெட்டுக்குப் போய்விடாதீர்கள். இது எதிர்பார்க்கக்கூடியதுதான். சிகரெட்டை விட்டவர்களிடம் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், விட்ட 4 முதல் 6 வாரங்களில் ஈறில் ரத்தம் கசியும் இடங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்காயின. ஈறு கெட்டுப்போனதால் அல்ல, அமுங்கிக் கிடந்த ரத்த ஓட்டம் திரும்பியதால். 2016-இல் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் ஒரு சிறு ஆய்வு வந்தது. 20 சிகரெட்காரர்கள் இரண்டு வாரம் சிகரெட்டுக்குப் பதிலாக வேப் பிடித்தார்கள். அவர்களுக்கும் ஈறு அழற்சி கூடியது.

கூடியதற்குக் காரணம் சிகரெட் நின்றதா, வேப் தந்த எரிச்சலா என்று அவ்வளவு சின்ன ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். போய் கிளீனிங் செய்துகொண்டு, பாக்கெட் அளந்து வாருங்கள்.

நிகோடின் இல்லாத வேப் என்றால் பிரச்சினை இல்லையே?

ரத்தத்தை மறைக்கும் அந்த வேலை நடக்காது. மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கும்: வறட்சி, இனிப்பு, சூட்டில் உண்டாகும் ரசாயனங்கள். ஃப்ளேவர் சேர்த்த ஆவி ஈறு செல்களில் அழற்சியைக் கூட்டுவது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. லவங்கப்பட்டை ஃப்ளேவரில் இருக்கும் சின்னமால்டிஹைடு செல்களுக்கு நஞ்சு என்பதும் பலமுறை பதிவானதே. இன்னொன்று, கள்ளத்தனமாக வரும் வேப்பில் ‘0%’ என்று எழுதியிருப்பதை யார் சோதித்துப் பார்த்தார்கள்?

வாய் எப்போதும் காய்ந்தே இருக்கிறது. தண்ணீர் குடித்தால் போதாதா?

புரொப்பிலீன் கிளைகால் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஒவ்வொரு இழுப்பிலும் வாயின் ஈரத்தில் கொஞ்சம் போகும். தண்ணீர் அந்த நேரத்துக்கு ஈரப்படுத்தும். ஆனால் எச்சிலின் இடத்தைத் தண்ணீரால் பிடிக்க முடியாது. சாப்பிட்ட பிறகு வாயில் ஊறும் அமிலத்தை எச்சில்தான் சமன் செய்கிறது. பல்லில் இருந்து கரைந்துபோன கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொடுப்பதும், கிருமியைக் கட்டுப்படுத்துவதும் எச்சில்தான். அது குறைந்தால் சொத்தை, ஈறு நோய், வாய் நாற்றம் மூன்றுக்கும் கதவு திறந்துவிடுகிறது.

தூங்கும்போது எச்சில் சுரப்பு இயல்பாகவே மிகவும் குறையும். அதனால் படுக்கையில் கிடந்தபடி, போனைப் பார்த்துக்கொண்டே கடைசியாக இழுப்பதுதான் பல்லுக்கு மிக மோசமான இழுப்பு. பல் தேய்த்த பிறகு என்றால் இன்னும் மோசம்.

வேப் பிடித்தால் சொத்தை வருமா? அதில் சர்க்கரை கிடையாதே?

சர்க்கரை இல்லாமலே வேலை நடக்கிறது. கிளிசரினும் இனிப்பு ஃப்ளேவரும் சேர்ந்து பிசுபிசுப்பான படலமாகப் பல்லில் ஒட்டுகின்றன. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இனிப்பு ஃப்ளேவர் ஆவி பட்ட பற்களில் சொத்தைக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் நான்கு மடங்கு அதிகமாக ஒட்டியது. சில ஃப்ளேவர்களில் எனாமலின் கடினத்தன்மை 27% குறைந்தது. இது ஆய்வகக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாயில் எச்சில் உண்டு, பிரஷ் உண்டு.

மனிதர்களிடம் பார்த்தது அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரி. 13,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2022-இல் வெளியிட்டார்கள். வேப் பிடிப்பவர்களில் 79% பேர் சொத்தை அபாயம் அதிகம் உள்ள பட்டியலில் இருந்தார்கள். பிடிக்காதவர்களில் அது சுமார் 60%. வேப் பிடிப்பதாகச் சொன்னவர்கள் வெகு சிலரே என்பதால் நான் இந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு.

பல்லில் கம்பி கட்டியிருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வறண்ட வாயில் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டுகள் வந்தால், கம்பியைக் கழற்றிய பிறகும் அவை பல்லில் நின்றுவிடும்.

ஈறு நோய்க் கிருமிகளையும் வேப் வளர்க்குமா?

வாயில் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் வாழ்கின்றன. அவற்றில் பல நமக்கு நல்லது செய்பவை. கேள்வி எது பெருகுகிறது என்பதுதான். ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகம் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாயில் எந்த நோயும் இல்லாத 123 பேரின் ஈறுக்கு அடியில் இருந்து மாதிரி எடுத்தார்கள். வேப் பிடிப்பவர்களின் கிருமிக் கூட்டம், ஈறு நோய் முற்றியவர்களின் கூட்டத்தை ஒத்திருந்தது. இத்தனைக்கும் அவர்கள் இளைஞர்கள், பார்வைக்கு ஆரோக்கியமான ஈறுகள். வேப் தொடங்கிச் சில மாதங்களே ஆனவர்களிடமும் இந்த மாற்றம் இருந்தது. கிருமிகளைச் சுற்றிப் பசைப் படலமும் கூடுதலாக இருந்தது. கிளிசரினே அவற்றுக்குத் தீனி ஆகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

நியூயார்க் பல்கலைக்கழகம் 84 பேரை ஆறு மாத இடைவெளியில் இருமுறை பரிசோதித்து 2022-இல் சொன்னது இது: வேப் பிடிப்பவர்களின் வாய்க் கிருமிகள் சிகரெட்காரர்களுடையது போலவும் இல்லை, பிடிக்காதவர்களுடையது போலவும் இல்லை, தனி ரகம்.

சரி, சிகரெட்டுக்கு இது பரவாயில்லைதானே?

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் மொத்த வித்தியாசமும் இருக்கிறது. இருபது வருடமாகத் தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தவர் அதை முழுவதுமாக விட்டு வேப்புக்கு மாறினால், உடம்பில் சேரும் நச்சுப் பொருட்கள் பெருமளவு குறைகின்றன. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை வயது வந்த சிகரெட்காரர்களுக்கு அதை ஒரு வழியாகச் சொல்வதும் அதனால்தான். பிடிக்கவே தொடங்காதவர்களுக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, வேண்டாம் என்றும் அதே அமைப்புதான் சொல்கிறது. நம் ஊர் விளம்பர ரீல்களில் அந்த இரண்டாம் பாதி எங்கேயோ தொலைந்துவிடுகிறது.

இருபது வயதில் சிகரெட்டே தொடாமல் நேராக வேப்பில் தொடங்கியவர் ‘சிகரெட்டை விடப் பரவாயில்லை’ என்று சொல்வதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. அவருடைய ஈறை ஒப்பிட வேண்டியது ஒன்றும் பிடிக்காத இருபது வயது ஈறோடு. சிகரெட்டும் வேப்பும் இரண்டும் வைத்திருப்பவர்களுக்கோ இந்தப் ‘பரவாயில்லை’ கிடைப்பதே இல்லை.

வாய்ப் புற்றுநோய் வருமா?

நவீன இ-சிகரெட் 2003-இல் சீனாவில் உருவானது. உலகெங்கும் பரவியது அதற்குப் பல வருடங்கள் கழித்து. வாய்ப் புற்றுநோய் பல பத்தாண்டுப் பழக்கத்தில் வருவது. ஆகவே ‘வரும்’ என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இன்னும் காலம் ஆகவில்லை. ஆவியில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

நம் ஊரில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே வாய்ப் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் மெல்லும் புகையிலையும் பாக்கும். ஹான்ஸ், குட்கா, பான் மசாலாவோடு வேப்பும் வைத்திருப்பவர் வேப்பைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் தப்பு. எந்தப் பழக்கம் இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைவது, இவற்றில் ஒன்று இருந்தால் உடனே காட்டிவிடுங்கள்.

பல் பிடுங்கிய பிறகு எத்தனை நாள் வேப் பிடிக்கக் கூடாது?

குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரத்துக்கு மேல். பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து மூடிபோல நிற்க வேண்டும். இழுக்கும் வேகத்தில் அது பெயர்ந்து வந்தால் எலும்பு வெளியே தெரியும். அதைத்தான் ‘ட்ரை சாக்கெட்’ என்பார்கள். காதுவரை வலி இழுக்கும், சாதாரண மாத்திரைக்கு அடங்காது. பெயராமல் தப்பித்தாலும், நிகோடின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் ஆறுவது தாமதமாகும்.

இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் ஸ்க்ரூ பதித்து வைக்கும் செயற்கைப் பல், வைப்பதாக இருந்தால் பேச்சே வேறு. ஸ்க்ரூவோடு எலும்பு சேர மாதக்கணக்கில் ஆகும். ஆயிரக்கணக்கில் பணம் கட்டிவிட்டு அந்த மாதங்களில் வேப் இழுப்பது, கட்டிய பணத்தோடு விளையாடுவதுதான்.

நாக்கில் சுவையே தெரியவில்லை. கூடவே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது.

ஒரே ஃப்ளேவரை நாள் முழுக்க இழுத்தால் அந்தச் சுவை மரத்துப்போகும். நிறுத்தினால் பெரும்பாலும் சில நாளில் திரும்பிவிடும். வெள்ளைப் படலம் வறட்சியாலும் இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும். சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றை ஒன்று கூட்டிவிடும் சோடி என்பதால் அவர்கள் வேப்பைத் தள்ளியே வைப்பது நல்லது. நீங்களாக மெடிக்கலில் ஜெல் வாங்கித் தடவ வேண்டாம், காட்டுங்கள்.

வாயிலேயே வெடித்துவிடும் என்கிறார்களே?

அபூர்வம், ஆனால் கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவின் நெவாடாவில் 2018-இல் ஒரு 17 வயதுப் பையனுக்கு வேப் வெடித்துக் கீழ்த்தாடை உடைந்தது, பற்களும் போயின. காரணம் லித்தியம் பேட்டரி.

விட்டுவிட்டால் ஈறு பழையபடி ஆகிவிடுமா?

வெறும் அழற்சியாக இருந்தால் ஆகிவிடும். கிளீனிங் செய்து ஒழுங்காகத் தேய்த்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். எலும்பு கரைந்திருந்தால் அது தானாக வளராது. இறங்கிய ஈறும் தானாக ஏறாது. ஆனால் பாக்கெட்டின் ஆழம் குறையும், நோய் அங்கேயே நிற்கும். பல் விழாமல் இருக்க அதுவே போதும். வேரை ஒட்டிய ஆழமான கிளீனிங் செய்த பிறகு ‘பல் நீளமாகிவிட்டது, இடைவெளி தெரிகிறது, டாக்டர் கெடுத்துவிட்டார்’ என்று சிலர் கோபப்படுவார்கள். வீக்கமும் பல்லில் படிந்த காரையும் மறைத்திருந்தது இப்போது தெரிகிறது, அவ்வளவுதான்.

விடுவதற்கு நிகோடின் சூயிங்கம் சாப்பிடலாமா? அதுவும் ஈறுக்குத்தானே படும்?

படும். ஆனால் ஆவியும் இல்லை, சூடும் இல்லை, கொஞ்ச காலத்துக்குத்தான். தாராளமாகச் சாப்பிடலாம். சாதாரண சூயிங்கம் மாதிரி சவசவவென்று மென்றால் விக்கலும் வயிற்று எரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாகச் சில முறை கடித்துச் சுருக்கென்று உறைக்கத் தொடங்கியதும் கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். உறைப்பு அடங்கியதும் மறுபடி. ஒவ்வொரு தடவையும் ஒதுக்கும் இடத்தை மாற்றுங்கள். காபியோ ஜூஸோ குடித்து 15 நிமிடம் கழித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் நிகோடின் சரியாக உள்ளே போகாது. எந்த அளவு, எத்தனை வாரம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலைப் பழக்கத்தை விட ஆலோசனை கிடைக்கும். தமிழிலும் பேசலாம்.

உடனே விட முடியவில்லை. அதுவரை என்ன செய்வது?

ஃப்ளூரைடு பேஸ்ட்டால் இரண்டு வேளை தேய்த்துத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். ராத்திரி தேய்த்த பிறகு வேப்பைத் தொடாதீர்கள். பகலில் இழுத்த பிறகு வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் இன்னும் காயவைக்கும், வேண்டாம். வறட்சிக்குச் சர்க்கரை இல்லாத சூயிங்கம் உதவும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பதை மூன்று, நான்கு மாதமாக்கிக் கிளீனிங்குக்குப் போங்கள். இதெல்லாம் சேதத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

பல் டாக்டரிடம் வேப் பற்றிச் சொன்னால் சட்டப் பிரச்சினை ஆகுமா?

இந்தியச் சட்டத்தின் தண்டனைகள் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைப்பது போன்றவற்றைக் குறிவைத்தவை. முதல்முறை விற்றால் ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. சிங்கப்பூர் வேறு மாதிரி: அங்கே 2018 பிப்ரவரியில் இருந்து வைத்திருப்பதும் பிடிப்பதுமே குற்றம். இங்கிருந்து போகும்போது பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

டாக்டர் கேட்பது சிகிச்சைக்காக. சிகரெட் உண்டா என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு வேப்பைச் சொல்லாமல் விட்டால், ரத்தம் வராத உங்கள் ஈறைப் பார்த்து அவரும் ஏமாறக்கூடும். எவ்வளவு நாளாக, எத்தனை சதவீத நிகோடின், ஒரு பாட் எத்தனை நாள் வருகிறது, இரவில் பிடிப்பதுண்டா, இந்த நான்கையும் சொல்லிவிட்டு, பாக்கெட் அளந்த எண்களை ஒரு தாளில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வேறு டாக்டரிடம் போனாலும் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.